கான் மண்ணில் விழுந்த தாலி: இரும்பு மிகுந்த மலைமண்ணில் உலோகம் தேடிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கொழுந்து பறிக்கப் போன பெண்ணொருவரின் தாலி மலையில் விழுந்துவிட்டது. காலை நிறுவையின்போது அது கழுத்தில் இருந்ததைப் பக்கத்து நிரையில் பறித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மாலையில் கூடையை இறக்கிவைத்தபோது இல்லை. தாலி மஞ்சள் கயிற்றில் கோத்தது, கயிறு பழையது, கூடைக்கயிறு நாள்தோறும் உரசி அதை நைத்திருக்க வேண்டும். அரைப்பவுண் தாலி, அதாவது ஏறத்தாழ 4 கிராம் தங்கம். அதன் இரு பக்கமும் உள்ளீடற்ற இரண்டு குண்டுமணிகள். தொலைந்த பொருள் இவ்வளவுதான்.

புதைந்துபோன நீர்க்குழாய்களையும் மண் மூடிய வால்வு மூடிகளையும் கண்டுபிடித்துக் கொடுப்பது என் தொழிலின் ஒரு பகுதி. அதற்காக உலோகம் தேடும் கருவி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். தோட்டத்தில் அதை எல்லோரும் 'ஸ்கேனர்' என்பார்கள். வியாழக்கிழமை என்னைத் தேடி வந்த அந்த அக்கா சொன்னது இது: "வேற ஒண்ணு வாங்கிக் கட்டிக்கலாம்னு சொல்றாங்க தம்பி. ஆனா அவரு கட்டுனது அதானே."

கருவியை வெளியே எடுப்பதற்கு முன் தோட்ட முகாமையாளரிடம் எழுத்துமூல அனுமதி பெற்றோம், பொலிசுக்கும் தெரிவித்தோம். புதையல் தேடுவோர் இரவில் இக்கருவிகளுடன் திரிவதால், இதைத் தூக்கிக்கொண்டு மலையேறும் எவரையும் ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது, அது நியாயமும்கூட. தொல்பொருள் தேடி நிலத்தைத் தோண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. எங்கள் தேடல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்பது எழுத்தில் இருப்பது நல்லது என்றே கருதினேன்.

முதல் நாள்

அன்று ஐந்து மணி நேரம் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காமற் போனதற்கு நான் எடுத்த முடிவுகளே காரணம் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறேன்.

தங்கம் சிறியது, மண்ணுக்குள் போயிருக்கலாம் என்று எண்ணிக் கருவியின் உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றினேன். ஆழம் பார்க்கும் என்று, மண்ணின் மேல் வீசும் வட்டத் தலையான சுருளில் 11 அங்குலத்தை மாட்டினேன். மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சமன் செய்யும் வேலையை, நிற்க வசதியாக இருந்த தோட்டப் பாதையின் சரளைக்கல் மீது ஒரேயொரு முறை செய்து முடித்தேன். தேயிலை மலையில் முள்ளுக் குத்தும்போது, அதாவது இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறும்போது, உடைந்த முனைகளும் கவ்வாத்துக் கத்தியின் துண்டுகளும் கிடக்கும் என்பதால், இரும்பு என்று கருவி காட்டுபவற்றை ஒலிக்காமல் அடக்கும் அமைப்பையும் போட்டுவைத்தேன். புறப்படுவதற்கு முன் வீட்டு மேசையில் என் மோதிரத்தை வைத்துப் பார்த்தபோது 20 சென்ரிமீற்றர் தூரத்திலும் தெளிவாக ஒலித்தது. அந்த நம்பிக்கையோடுதான் மலையேறினேன்.

நிரைகளுக்குள் இறங்கியதும் கருவி ஓயாமல் ஒலித்தது. சுருளை இடமாக வீசினால் ஒரு முனகல், வலமாக வீசினால் இன்னொன்று, தேயிலைச் செடியின் வாதில் (கிளையில்) இடித்தால் ஒரு கீச்சொலி. 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நடப்பட்ட செடிகளுக்கு நடுவே சுருளை மட்டமாக வீச இடமில்லை. அது சாயும்போதெல்லாம் ஒரு விளிம்பு மண்ணை நெருங்கி ஒலி எழும். கானை நெருங்கும்போது நிலைமை இன்னும் மோசமானது. சரிவின் குறுக்கே மழைநீரை வடிக்க வெட்டியிருக்கும் அந்த வாய்க்காலின் மேல் சுருள் வந்தவுடன் கருவி திணறி, பிறகு முழுவதுமாக அடங்கிப்போனது. அந்த மௌனத்தை 'இங்கே ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டு நான் கானைக் கடந்து போனேன். அன்று செய்த பிழைகளில் பெரியது அதுதான். கருவியின் வாங்கும் சுற்று நிரம்பி வழிந்து செயலற்றுப் போனதன் அடையாளமே அந்த மௌனம்.

மண் ஏன் ஒலிக்கிறது

இவ்வகைக் கருவியின் வட்டத் தலைக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று மாறுதிசை மின்னோட்டத்தால் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது; என்னுடையது 13 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் அனுப்பும். மற்றது திரும்பி வருவதை வாங்குகிறது. மண்ணில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அந்த மின்னோட்டம் தானும் ஒரு சிறு புலத்தை உண்டாக்கும். அது சற்றுத் தாமதித்தே வாங்கியை அடையும். அந்தத் தாமதத்தின் அளவைக் கொண்டுதான் கருவி 'இது இரும்பு', 'இது செம்பு' என்று ஊகிக்கிறது. திரையில் தங்கத்தின் படத்தைக் காட்டும் கருவி எதுவும் கிடையாது. காட்டும் என்று சொல்லி விற்பவரை நம்பவேண்டாம்.

இரும்பு ஒக்சைட்டுகள் நிறைந்த மண்ணும் அந்தப் புலத்துக்கு விடை சொல்லும். மக்னடைட் என்ற காந்தக்கல்லின் மணிகள் புலத்தோடு சேர்ந்து உடனுக்குடன் காந்தமாகி மாறும். அவற்றின் விடையில் ஏறக்குறையத் தாமதமே இராது, ஆனால் ஒரு சிறு தங்கத் துண்டின் விடையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கும். மகிமைட் என்ற இன்னொரு ஒக்சைட்டின் மிக நுண்ணிய மணிகள் வேறு விதம்: புலம் மாறிய பிறகும் அவற்றின் காந்தம் சிறிது நேரம் தங்கித் தேயும். அந்தத் தேய்வும் ஒரு தாமதந்தான் என்பதால் கருவிக்கு அது உலோகம்போலத் தோன்றிவிடுகிறது. தீ எரிந்த மண்ணில் இந்த நுண்மணிகள் பெருகும். கவ்வாத்துக் குச்சிகளைக் குவித்து எரித்த இடமொன்று அந்த மலையின் ஓரத்தில் இருந்தது. அங்கே ஒரு தகரத் துண்டுகூட இல்லாமலே கருவி 'உலோகம், உலோகம்' என்று ஒலித்ததற்குக் காரணம் இதுவே.

எங்கள் மலைகளில் இவையெல்லாம் தாராளமாக உண்டு. ஊவாவின் அடிப்பாறைகள், புவியியலாளர் உயர்நிலத் தொகுதி என வகுக்கும் உருமாறிய பாறைகளைச் சேர்ந்தவை. சார்னொக்கைட், கார்னெட் கலந்த நைஸ், குவாட்சைட், இடையிடையே பளிங்குப் பாறை என்று 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவை சிதைந்து செம்மஞ்சள் மண்ணாகும்போது எளிதில் கரைபவை மழையோடு போய்விட, இரும்பு தங்கிவிடுகிறது. மண்ணின் சிவப்பு நிறமே அந்த இரும்பால் வருவதுதான். ஆனால் நிறத்தைப் பார்த்து மட்டும் மண்ணை எடைபோடக் கூடாது; செக்கச் சிவந்த மண் கருவிக்குச் சாதுவாக இருப்பதும், வெளிறிய மண் மக்னடைட் நிறைந்த கருமணலால் கூச்சலிடுவதும் உண்டு.

சூழலின் உலோகம் தேடும் பொருளை மறைக்கும் தொல்லை இக்கருவியோடு கூடவே பிறந்தது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து போனார். படுக்கையின் உலோகச் சுருள்கள் ஒலியைக் குழப்பின, குண்டு அகப்படவில்லை. எங்கள் மலையில் அந்தப் படுக்கையின் இடத்தில் மண் இருந்தது.

இரண்டாம் முறை

வெள்ளிக்கிழமை கிளிநொச்சியிலிருந்து என் சித்தப்பா மகள் வந்திருந்தாள். சித்தப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் மலையிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியது. தங்கை கண்ணிவெடி அகற்றும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதற் கேள்வி, "அண்ணா, நீங்க மண்ணை டெஸ்ட் பண்ணினீங்களா, மோதிரத்தை டெஸ்ட் பண்ணினீங்களா?" என்பது. அவர்களுடைய பணியில் கருவியை ஒவ்வொரு முறையும் சோதனைப் பொருளொன்றின் மீது வைத்துப் பார்த்த பிறகே நிலத்தில் கால் வைப்பார்களாம்; அந்தப் பொருளும் தேடப்படுவதை ஒத்ததாக இருக்க வேண்டுமாம்.

மோதிரம் ஒரு மூடிய வளையம். சுழல் மின்னோட்டம் ஓட அதைப்போல வசதியான வடிவம் இல்லை. அதே நிறையுள்ள தாலியைவிட அது உரக்க ஒலிக்கும். ஆகவே மேசைமேல் கிடைத்த 20 சென்ரிமீற்றர் கணக்கு இருமடங்கு பொய்: தவறான வடிவம், மண்ணே இல்லாத சோதனை. தாலி ஒன்றையே வைத்துச் சோதிக்கலாமே என்று தோன்றலாம். சுமங்கலி எவரும் அதற்காகத் தாலியைக் கழற்றமாட்டார், கேட்பதும் முறையல்ல. ஆகவே என் மகளின் கல் வைக்காத தோடு ஒன்றை, திருகாணியைக் கழற்றி எடுத்துவிட்டு, எடுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் தேடவே இல்லை; நிலத்தை மட்டும் அளந்தோம். சுருளை இடுப்புயரத்தில் பிடித்து, மெல்ல மெல்ல இறக்கி, கருவி ஒலிக்கத் தொடங்கும் உயரத்தைத் தடியால் அளந்து குறித்தோம். மண் எவ்வளவு வலுவாக விடை சொல்கிறதோ அவ்வளவு உயரத்திலேயே ஒலி எழும். கண்ணிவெடி அகற்றுவோர் மண்ணை வகைப்படுத்தக் கையாளும் ஒரு முறையின் எளிய வடிவம் இது. தேயிலை நிரைகளில் ஒலி 12 சென்ரிமீற்றரில் தொடங்கியது; எரித்த இடத்தில் 24; கானில் 30ஐத் தாண்டியது. சமன் செய்யும்போது கருவி காட்டும் எண்ணும் இடத்துக்கு இடம் மாறியது: நிரைகளில் 62 முதல் 66 வரை, கானில் 84 முதல் 87 வரை. என் கருவியில் இந்த எண் மண்ணின் இரும்பு எந்த வகையானது என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 80க்கு மேல் போனால் அது கருமணலின் அடையாளம். ஒரே மலையில், முப்பது அடிக்குள், மூன்று வெவ்வேறு மண். பாதையின் சரளையில் ஒரு முறை சமன் செய்துவிட்டு இத்தனையையும் கடக்க முயன்றது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெட்டிக்குள் பல காலம் பயன்படாமல் கிடந்த 5 அங்குலச் சுருளை மாட்டினோம். சிறிய சுருள் ஒரே நேரத்தில் குறைந்த அளவு மண்ணையே பார்க்கிறது. ஆகவே மண்ணின் கூச்சல் குறைகிறது, சிறு பொருளின் பங்கு கூடுகிறது, செடிகளுக்கிடையே மட்டமாக வீசவும் முடிகிறது. உணர்திறனைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தினோம். இது பலருக்கு மனம் ஒப்பாத காரியம். கருவியின் வலுவைக் குறைத்தால் ஆழம் போய்விடும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் கூச்சலிடும் மண்ணில் வலுவைக் கூட்டினால் மண்ணின் விடையும் அதே அளவு கூடும். காது சோர்ந்துவிடும், சுற்றும் நிரம்பிவிடும். நிரை மண்ணில் அந்தத் தோட்டைப் புதைத்துப் பார்த்தபோது, உச்ச அளவில் கேட்காத ஆழத்தில் பாதி அளவில் கேட்டது. தானே சமன் செய்துகொண்டு போகும் வசதியையும் நிறுத்தினோம். ஒரே இடத்தில் சுருளை மீண்டும் மீண்டும் வீசும்போது அது தேடும் பொருளையே மண் என்று கருதிக் கழித்துவிடக்கூடும். பகுதிக்குப் பகுதி கையால் சமன் செய்து பூட்டினோம். இரும்பை அடக்கும் அமைப்பையும் எடுத்துவிட்டோம். இரும்பு மிகுந்த மண்ணில் கிடக்கும் தங்கத்தின் விடையோடு மண்ணின் விடையும் கலந்து, பொருள் எந்த உலோகம் என்று திரை காட்டும் எண் இரும்பின் பக்கம் சரிந்துவிடுவதால், அந்த அமைப்பு தங்கத்தையும் சேர்த்தே அடக்கும்.

நிரைகளைக் கயிறு கட்டிப் பிரித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் மேல் பாதி படியுமாறு பார்த்தோம். மாத்திரை அட்டையின் ஈயத்தாள்கள், ஒரு முள்ளு முனை, பால்மா பைக்கற்றின் துண்டு, பழைய ஒரு ரூபாய் நாணயம் ஆகியவை கிடைத்தன. மாத்திரை அட்டையின் ஒலி சிறு தங்கத்தின் ஒலியை அப்படியே ஒத்திருந்தது. அத்தகைய ஒவ்வொன்றையும் குனிந்து தோண்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மதியத்துக்குள் மூன்று நிரைகளும் முடிந்தன. மிஞ்சியது கான்.

கான்

தோட்டில் செய்த சோதனை கானைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டது. கானின் படிவு மண்ணில் தோடு கேட்ட ஆழம் 5 சென்ரிமீற்றர். அதற்குக் கீழே வெறும் முனகல். படிவோ சில இடங்களில் ஒரு சாண் கனத்துக்குச் சேர்ந்திருந்தது.

நீர் வேகத்தைத் தடுக்கக் கானுக்குள் இடைவிட்டு விடப்படும் குறுக்கு மண்தடுப்புகளின் மேற்புறத்தில்தான் அந்தப் படிவு தேங்கியிருந்தது. நான் ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு அந்த மண்ணில் இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் பையின் அடி முழுவதும் கரிய மயிர் முளைத்ததுபோல் மணிகள் குத்திட்டு நின்றன. பையை உள்புறமாக உருவியதும் ஒரு கரண்டி கருமணல் தாளில் கொட்டியது. மிஞ்சிய மண்ணில் சாதாரணக் காந்தத்துக்கு எளிதில் ஒட்டாத கரிய மணிகளும், கார்னெட்டின் செந்நிறத் துகள்களும் வெயிலில் மின்னின.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த ஆய்வின் மையமான விடயம் எனக்குப் பிடிபட்டது. மழைநீர் சரிவில் ஓடும்போது இலேசான களியைக் கொண்டுபோய், பாரமான மணிகளைக் கானின் தடுப்பில் விட்டுப் போகிறது. மக்னடைட்டின் அடர்த்தி நீரைப்போல 5 மடங்கு. தாலி செய்யும் தங்கத்தின் அடர்த்தி அதற்கும் மேலே, 17 மடங்குக்கும் அதிகம். கருமணலை அங்கே சேர்த்த அதே நீரோட்டம், கானுக்குள் விழுந்த தங்கத்தையும் அங்கேயே நிறுத்தியிருக்கும். கருவி எந்த இடத்தில் குருடாகிறதோ, தாலி இருக்கச் சாத்தியம் கூடிய இடமும் அதுவே. அந்த அக்கா அன்று இரண்டு தடவை கானைத் தாண்டியதாகவும், ஒரு தடவை கால் வழுக்கி நிழல் மரத்தைப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்த்தோம். மரத்துக்குக் கீழேயுள்ள இரண்டு தடுப்புகளுக்கு இடைப்பட்ட படிவு முழுவதையும் வெளியே எடுப்பது என்று தீர்மானித்தோம்.

கங்காணி ஐயா கான் வெட்ட இரண்டு பேரைத் தந்தார். எடுத்தது மொத்தம் 22 வாளி. பலகையில் ஆணிகள் இருந்ததால் அதைத் தவிர்த்து, பிளாஸ்டிக் கூடைகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் சுருளை மட்டமாக மல்லாத்திக் கட்டினோம். சுருளை மண்ணின் மேல் வீசுவதற்குப் பதிலாக மண்ணைச் சுருளின் மேல் நகர்த்துவதே திட்டம். சுருள் அசையாததால் சாய்வும் உயரமும் மாறா. பிளாஸ்டிக் தட்டில் மண்ணை 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பரப்பி, பெரிய காந்தத்தால் இருமுறை துழாவிக் கருமணலை எடுத்த பிறகு தட்டை மெல்ல நகர்த்தினோம். 5 சென்ரிமீற்றர்தான் கேட்கும் என்றால் அதைவிட மெல்லியதாகப் பரப்பினால் போதும். தட்டுப் பிடித்த தங்கை கடிகாரத்தையும் வளையல்களையும் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டாள்.

பதினேழாவது வாளியின் இரண்டாம் தட்டில் ஒரு ஒலி வந்தது. மண்ணின் ஒலி அகலமாக, மெதுவாக ஏறி இறங்கும். இது குறுகலாக, இரு திசையிலும் ஒரே இடத்தில் எழுந்தது. திரையில் தெரிந்த எண் இரும்புக்குரியது. தட்டின் மண்ணை இரண்டாகப் பிரித்து ஒலித்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம், அதையும் பிரித்தோம். ஐந்தாவது தடவையில் ஒரு கைப்பிடி மட்டுமே மிஞ்சியது. அதை உள்ளங்கையில் வைத்து நீர் ஊற்றியபோது, ஊறிய இலைக்காம்புபோல் தோன்றிய ஒன்று இரண்டு அங்குல மஞ்சள் கயிறாகத் தெரிந்தது. அதன் முடிச்சில் ஒரு குண்டுமணி. முடிச்சுக்குக் கீழே, களி அப்பியபடி தாலி.

கழுவிய தாலியைத் தனியாகச் சுருளின் மேல் பிடித்தபோது திரையின் எண் இரும்பின் எல்லையைத் தாண்டி மேலே போய் நின்றது. மண்ணோடு இருந்தபோது இரும்பு, மண் நீங்கியதும் தங்கம். முதல் நாளின் அமைப்போடு அந்தத் தட்டை நகர்த்தியிருந்தால் கருவி வாய் திறந்திராது.

துடிப்பு முறையில் இயங்கும் கருவி இருந்திருந்தால் கானையே நேரடியாகத் தேடியிருக்கலாமே என்று பிறகு சிலர் கேட்டார்கள். அவ்வகைக் கருவி ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்தி, சில மைக்ரோ செக்கன்கள் பொறுத்திருந்து விடையைக் கேட்கும். மக்னடைட்டின் விடை அதற்குள் அடங்கிவிடும் என்பதால் கருமணலை அது நன்றாகத் தாங்கும். எனினும் மகிமைட்டின் தேய்வு அதையும் ஏமாற்றக்கூடியது. தவிர, சிறிய மெல்லிய தங்கத்தின் விடையும் விரைவில் அடங்குவதால், பொறுக்கும் நேரத்திலேயே அது தொலைந்துபோகலாம். எங்களிடம் அது இருந்திருந்தாலும் மண்ணைப் பரப்பித் தேடுவதையே நான் தெரிவு செய்திருப்பேன்.

மிஞ்சிய ஐந்து வாளிகளையும் பார்த்து முடித்தபோது இருட்டிவிட்டது. இரண்டாவது குண்டுமணி கிடைக்கவில்லை. உள்ளீடற்ற, ஒரு கிராமுக்கும் குறைந்த பொருள் அது. களி நிறைந்த நிலையில் நீரோடு அடுத்த தடுப்புக்குப் போயிருக்கவும் கூடும். அடுத்த கான் வெட்டின்போது கீழேயுள்ள இரண்டு தடுப்புகளின் படிவையும் சரிவில் வீசாமல், பாதையோரத்தில் படங்கு விரித்துத் தனியாகக் குவித்துவைக்கும்படி கங்காணி ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். அந்தத் தோட்டையும் 5 அங்குலச் சுருளையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன்.